இரண்டு விரல் மேல் ஒரு கிளைடர்

9

உள்ளே வந்தவள் உட்காரவில்லை. தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நேத்து குன்னு மேல, அத்தனை பேர் முன்னாடி, என் வீட்டுக்காரரைத் திருடன்னு கை நீட்டிச் சொன்ன அக்கா நீங்கதானே?"

"திருடன்னு சொல்லலைம்மா," என்றாள் அக்கா. "ஈயத்தை எடுத்துட்டார்னுதான் சொன்னேன்."

"அடேங்கப்பா! ரெண்டுக்கும் ரொம்ப தூரமோ?"

அக்காவை ஒரே வார்த்தையில் மடக்கிவிட்டாள். அது சாதாரணமாக நடக்கிற காரியமில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடித்துப் பிடித்துக் கண்ணும் வாயும் கூர்மையான பொம்பளை அவள். அந்த வேலையை விட்டுவிட்டு, வேலைவெட்டி இல்லாமல் ஜோக் அடித்துக்கொண்டிருந்த கூடப்பிறந்த தம்பியையும் சேர்த்துக்கொண்டு, மாடியில் ஒரு துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். தம்பி கூப்பிட்டதைக் கேட்டு வாடிக்கையாளர்களும் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். தலை நரைத்தவர்கள்கூட.

எதிரே நிற்பவள் வெல்டரின் மனைவி. ட்ராயிங் மாஸ்டரின் கூடப்பிறந்த தங்கை. சிக்கலே அங்கேதான்.

பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லித்தருகிற மாஸ்டர் இந்த வருஷப் போட்டிக்காக ஒரு கிளைடர் கட்டியிருந்தார். இன்ஜின் கிடையாது, பெட்ரோல் கிடையாது. குன்றின் விளிம்பில் நின்று கையால் எறிந்தால் காற்றிலேயே மிதக்கும். ரேடியோ ரிமோட்டால் திருப்பிக்கொள்ளலாம். மனுஷன் நீட்டிப் படுத்தால் என்ன நீளமோ, அதைவிட அகலமான இறக்கை. தூக்கினால் ஒரு ஜோடிச் செருப்பின் கனம்கூட இருக்காது. போன வருஷம் கூட்டத்தில் யார் கையோ பட்டு இறக்கை ஒடிந்துபோனதால், இந்தத் தடவை அக்காவைக் காவலுக்கு அமர்த்தியிருந்தார்.

காவல் காத்த லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே. மாஸ்டர் எறிந்தார். கிளைடர் மூக்கைத் தூக்கியது, அப்படியே அந்தரத்தில் நின்றது, பிறகு பாறையில் விழுந்து சுக்குநூறானது. அடுத்த நிமிஷம் அக்காவுக்கு ஞாபகம் வந்தது: எறிவதற்குச் சற்று முன் வெல்டரின் கை அந்தக் கிளைடரின் மூக்குப் பக்கம் இருந்தது! நேராக அவரிடம் போனாள். சட்டைப்பையைக் காட்டச் சொன்னாள். உள்ளே ஈயத் துண்டுகள். கிளைடர் சமநிலையில் நிற்க மூக்கில் ஈயம் வைப்பார்கள் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். மூக்கில் ஈயம், பையில் ஈயம். கூட்டிப் பார்த்தாள், கூவிவிட்டாள்.

வெல்டர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். "குனிஞ்ச தலையே வாக்குமூலம்!" என்று அதற்கும் ஒரு வசனம் பேசினாள் அக்கா. நாலைந்து பேர் கைதட்டக்கூடச் செய்தார்கள்.

"நேத்துலேருந்து சாப்பிடல," என்றாள் வெல்டரின் மனைவி. "வெல்டிங் மாஸ்கை மாட்டிக்கிட்டு சுவரைப் பார்த்து உக்காந்திருக்காரு. கழட்டுங்கன்னா, 'வெளிய காட்ட எனக்கு மூஞ்சி ஏது'ங்கறாரு. சாயங்காலம் கிளைடர் கிளப்புல கூட்டம். லிஸ்ட்லேருந்து இவர் பேரை அடிக்கப்போறாங்களாம். அடிச்சுட்டுப் போகட்டும். எங்க அண்ணன் வாசல்ல நான் இனிமே எந்த முகத்தோட போய் நிப்பேன்? அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

தம்பி மறுபடி நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"அந்த ஈயத்தைக் காட்டுங்க," என்றாள் அவள்.

அக்கா மேஜை டிராயரைத் திறந்து கவரைக் கொட்டினாள். தட்டையான பட்டைகள். கத்தரியால் வெட்டிய விளிம்பு பளபளவென்று இருந்தது.

வந்தவள் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் முதல்தடவையாகக் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

"இது எங்க பட்டறையில வெட்டினது. அவரும் கிளைடர் விடற ஆளுதானே, பையில எப்பவும் இது கிடக்கும். எங்க அண்ணன் பட்டை போடாது. உருண்டைதான் போடும். மீன் தூண்டில்ல கட்டுவாங்களே, அந்தக் குண்டு. சின்னப் பிள்ளையிலேருந்து அதுதான் வழக்கம்."

தம்பி பட்டையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"கோழி திருடினவன் கூடையில வாத்து முட்டையா அக்கா?"

அக்காவுக்குக் காது மடல் சுட்டது. உருண்டையா பட்டையா என்று பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? கைதட்டல் கேட்கிற அவசரத்தில் அதைக்கூடப் பார்க்கத் தோன்றவில்லையே என்று நினைக்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"வண்டியை எடுடா," என்றாள். "மூக்கைப் பார்க்கணும்."

"யாரோடது?"

"கிளைடரோடதுடா!"

"சரி சரி. நம்மளோடதோன்னு பயந்துட்டேன். அது நேத்தே உடைஞ்சுபோச்சே."

*

மாஸ்டர் வீட்டுத் தெருவில் திரும்பும்போது தம்பியின் சட்டைப்பையில் போன் கீச்சென்று கத்தியது. ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டே எடுத்துப் பார்த்தான்.

"நம்ம பட்டன் அக்கா. 'பொருள் அருகில் உள்ளது'ன்னு சந்தோஷமா கூவுது. அத்தனை உயரத்திலிருந்து விழுந்தும் உசிரோட இருக்கு பாரு."

அந்தப் பட்டன் அக்காவின் யோசனை. திருட்டுப் போன பொருள் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டிக்கொடுக்கிற சின்னப் பட்டன். போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி கிளைடருக்குள் ரகசியமாக ஒன்றை வைக்கத் தம்பியிடம் சொல்லியிருந்தாள். மாஸ்டருக்கே சொல்லவில்லை. சொந்தக்காரருக்கே தெரியாமல் வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"முதல்ல அதை அணைடா. துக்க வீட்டுக்குப் போறோம்."

வெல்டரின் மனைவி தன் சைக்கிளில் பின்னாலேயே வந்துவிட்டாள். ஆனால் கேட்டைத் தாண்டவில்லை. "நான் இங்கேயே நிக்கறேன். நீங்க போங்க."

மாஸ்டரின் வேலை அறை வீட்டின் பக்கவாட்டில் இருந்தது. ஒரே நீள மேஜை. அதன்மேல் ஒட்டிய கிளைடர் வரைபடம், அதற்கு மேலே பசை ஒட்டாமலிருக்கப் பிளாஸ்டிக் தாள், அங்கங்கே குண்டூசிக் கூட்டம். பிளேடு, உப்புத்தாள், இறக்கையில் பிலிம் ஒட்டச் சூடுகாட்டுகிற குட்டி இஸ்திரிப் பெட்டி. மெல்லிய மரத்தூள் எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. நடுவில் ஒரு போர்வை. போர்வைக்குக் கீழே அது.

"இன்னும் என்ன பார்க்கணும்?" என்றார் மாஸ்டர். தூங்காத கண்.

"மூக்குல ஈயம் எவ்வளவு குறையுதுன்னு பார்த்தீங்களா மாஸ்டர்?"

"பார்க்கல. இந்தப் போர்வையைத் தூக்க மனசு வரல. நீங்க சொன்னீங்க, நம்பிட்டேன்."

நம்பிட்டேன் என்ற அந்த ஒரு சொல்லுக்கு அக்கா தரையைப் பார்த்தாள்.

தம்பி போர்வையை விலக்கினான். மூக்கு நசுங்கியிருந்தது. ஈயம் வைக்கிற பெட்டியின் மூடி நெளிந்து இறுகிக் கிடந்தது. மாஸ்டர் ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறந்தார். உள்ளே விளிம்பு வரைக்கும் உருண்டைகள், அவை ஆடாமலிருக்கத் திணித்த பஞ்சோடு. ஒன்றுகூட நகரவில்லை.

"முழுசா இருக்கு," என்றார் மாஸ்டர். குரல் கம்மியது. "மூடி மூடறதுக்கே இடமில்லாம அடைச்சேன். அப்படியேதான் இருக்கு. யாரும் எதையும் எடுக்கல."

மாஸ்டர் முகத்தில் வேறு ஒரு பயம் வந்தது.

"அப்ப நான்தான் ஒழுங்கா கட்டலையா? முந்தின நாள் சாயங்காலம் கிளப்புல எல்லாரும் பார்க்க நிறுத்திக் காட்டினேனே! ஆடாம அசையாம நின்னுதே!"

"எப்படி நிறுத்துவீங்க?"

அவர் வாயால் சொல்லவில்லை. டேப்பை எடுத்தார். ஒடிந்த இறக்கையைச் சேர்த்துச் சுற்றினார். பிளந்த உடம்பைச் சேர்த்துச் சுற்றினார். கட்டுப்போட்ட நோயாளி போல ஒரு கிளைடர் மேஜைமேல் கிடந்தது. இரண்டு இறக்கைக்கும் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளுக்குக் கீழே இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலை வைத்து மெல்லத் தூக்கினார்.

வால் தாழ்ந்தது. தாழ்ந்து மேஜையைத் தொட்டது.

"விழுந்ததுல மூக்குப் பக்கம் மரம் கொஞ்சம் சிதறியிருக்கும்ல மாஸ்டர்?" என்றான் தம்பி.

"பஞ்சு மாதிரி மரம் தம்பி. ஊதினா பறக்கும். அதுக்கெல்லாம் இப்படித் தொங்காது." மாஸ்டர் மறுபடி தூக்கினார். மறுபடி தொங்கியது. "வால் கனத்திருக்கு. சீசா பார்த்திருக்கீங்கல்ல? பக்கத்துல உக்கார்ற குண்டனை, தூரத்துல உக்கார்ற குழந்தை தூக்கிரும். மூக்கு பக்கத்துல இருக்கு. வால் எட்டத்துல இருக்கு. வால்ல ஒரு பங்கு ஏறினா மூக்குல மூணு பங்கு, நாலு பங்கு வைக்கணும். அதுக்குப் பயந்துதான் வாலுக்கு நான் பெயிண்ட்கூட அடிக்கல. ஆசையா என் பேரை எழுதலாம்னு இருந்தேன், அதையும் எழுதல. வால் கனத்தா மூக்கு மேல போகும், வேகம் செத்துப்போகும், கல்லு மாதிரி விழும்."

"நேத்து விழுந்த மாதிரியே," என்றான் தம்பி.

"அதேதான்."

அக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம்.

"எறியறதுக்கு முன்னாடி இப்படி ஒரு தடவை விரல்ல வச்சுப் பார்க்க மாட்டீங்களா? பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே."

மாஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பார்க்காம எறியவே மாட்டேன். நான் மட்டுமில்ல, எங்க ஆளுங்க எல்லாருமே அப்படித்தான். அடுத்தவன் கிளைடரைத் தூக்கினாக்கூட விரல் தானா அந்த இடத்துக்குப் போயிடும். பேச்சுக் கொடுத்துக்கிட்டே பார்த்துருவோம்."

"நேத்து?"

"நேத்து பார்க்கல."

"ஏன் மாஸ்டர்?"

"ஏன்னு என்னைக் கேக்கறீங்களே! இறக்கையை மாட்டி ஸ்டாண்டுல வச்சதும் நீங்கதானே சொன்னீங்க, 'எறியற நிமிஷம் வரைக்கும் யாரும் தொடக்கூடாது'ன்னு. நான் கிட்ட வந்தேன். 'நீங்களும்தான் மாஸ்டர், சட்டம்னா சட்டம்'னு தடுத்தீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டு விட்டுட்டேன்."

ஆமாம். சொல்லியிருந்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துக்கூட இருந்தது.

அப்போது பார்த்துப் போன் கீச்சென்று கத்தியது. "அணைன்னு சொன்னேனேடா!" என்று திரும்பியவள் தம்பியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. எதற்கும் ஒரு நக்கல் கையில் வைத்திருக்கிற பயல், கிளைடரின் வாலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"டேய்," என்றாள் அக்கா மெதுவாக. "பட்டனை எங்க வச்ச?"

"நீதானே அக்கா சொன்ன, யார் கண்ணுலயும் படாத இடமா…"

"எங்கடா வச்ச?"

"வால் குழாய்க்குள்ள. ஒரு குச்சியால கடைசி வரைக்கும் தள்ளி, ஆடக்கூடாதுன்னு, சன்னல் கண்ணாடிக்கு அப்புற புட்டி மாவு இருக்குல்ல, அதை நல்லா உருட்டி… நல்லாவே உருட்டி வச்சு அடைச்சேன்."

மாஸ்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஒரு நீளக் கம்பியை எடுத்து நுனியை வளைத்தார். வால் குழாய்க்குள் விட்டார், திருகினார், இழுத்தார். எலுமிச்சம்பழத்தில் பாதி இருக்கும். சாம்பல் நிறப் புட்டிக்கட்டி, நடுவில் வெள்ளைப் பட்டன். அதை மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு விரலையும் மறுபடி இறக்கைக்குக் கீழே கொடுத்தார்.

கிளைடர் நேராக நின்றது. மூக்கு நசுங்கி, இறக்கை ஒடிந்து, உடம்பெல்லாம் டேப்போடு, ஆனாலும் மட்டப்பலகை வைத்துப் பார்த்தது போல நேராக.

மாஸ்டர் அதை இறக்கி வைக்கவேயில்லை. விரல் மேல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேலியே பயிரை மேஞ்சிருக்கு அக்கா," என்றான் தம்பி. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கவைக்கச் சொன்னதாகவும் தெரியவில்லை.

அக்கா பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். கனத்தை ஏற்றியது அவள் ஆள், அவள் சொல்லி. கனத்தைக் கண்டுபிடிக்கிற விரலைத் தடுத்தது அவள் வாய். கடைசியில் கை நீட்டியது வேறு ஒருத்தரை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எத்தனை கேஸ்களில் எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருப்பாள்! மாஸ்டர் இரண்டு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டுகிற மாதிரி இல்லை. அவர் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுக்கு வெளிய நிக்கறது யாரு?"

"உங்க தங்கச்சி. உள்ள வரமாட்டேன்னுட்டாங்க."

மாஸ்டர் கிளைடரை வைத்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் வெளியே போனார்.

அறையில் அக்காவும் தம்பியும் மட்டும். தம்பி புட்டிக்கட்டியைக் கையில் எடுத்து உருட்டினான்.

"அக்கா. வச்சது நான்தானே. வால்ல வைன்னு நீ சொல்லலையே. கூட்டத்துல என் பேரைச் சொல்லிடு. எனக்கென்ன, கோமாளிப் பட்டம் ஏற்கெனவே இருக்கு. ஆபீஸ் பேராவது மிஞ்சும்."

சொன்னால் என்ன என்று அக்காவுக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அதில் பொய்கூட இல்லையே என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதே அன்றைக்குப் பட்ட வெட்கத்திலெல்லாம் பெரிய வெட்கமாகப் போயிற்று.

"வாயை மூடிட்டு வாடா," என்றாள். தோளில் கைபோட்டுத்தான் சொன்னாள்.

*

வெல்டரின் வீடு பட்டறைக்குப் பின்புறம். இரும்பு கேட்டுகள் சாத்தி வைத்திருந்த சந்தில் நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மாஸ்டர் இந்த வீட்டு வாசப்படி ஏறி வருஷங்கள் ஆகின்றன. மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து கட்டிய கிளைடர் ஒரு தடவை ஜெயித்தது. கிளப் சுவரில் ஒருத்தர் பேரை மட்டும் எழுதிவைத்தார்கள். மாஸ்டர் பேர். "எழுதினது அவங்க, நானா எழுதினேன்?" என்றார் மாஸ்டர். "அழிக்கச் சொன்னீங்களா?" என்றார் வெல்டர். அன்றோடு பேச்சு நின்றது.

மனைவி சொன்னது போலவேதான் இருந்தார். ஸ்டூலில், சுவரைப் பார்த்து, கறுப்பு மாஸ்கோடு. காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

அக்கா வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஒன்றும் மிஞ்சவில்லை.

"நான் சொன்னது தப்புங்க. நீங்க எதையும் எடுக்கல. கிளைடர் விழுந்தது என்னால. என் ஆளு அதோட வால்ல ஒரு கட்டியை அடைச்சான், நான் சொல்லித்தான். நான்தான் மாஸ்டரையும் தொட்டுப் பார்க்க விடல. ஒண்ணும் தெரியாம உங்களைக் கை நீட்டிட்டேன்."

வெல்டர் மாஸ்கை மேலே தள்ளினார். வியர்த்துச் சிவந்த முகம். அக்காவை அல்ல, மச்சானைத்தான் பார்த்தார்.

"வால் கனம்னு எனக்குத் தெரியும்," என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"இந்த அம்மா யாரையோ அதட்டத் திரும்பினாங்க. அந்தக் கொஞ்ச நேரம். அவ்வளவு அழகா கட்டியிருந்தீங்க மச்சான், பார்த்தா கை சும்மா இருக்குமா? தூக்கினேன். விரல் தானா போச்சு. வால் தொங்குச்சு. மூக்கைத் திறந்தேன். பையில ஈயம் இருக்கு, உள்ள இடமில்ல. இடமில்லாட்டி என்ன, வெளிய வச்சு ஒரு டேப் சுத்தியிருக்கலாம். அதுவும் வேண்டாம், 'மச்சான், வால் கனம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்க அங்கதான் நின்னீங்க, கூப்பிடு தூரத்துல."

"ஏன் சொல்லல?" என்றாள் மனைவி. கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்பது போல முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"விழட்டுமேன்னு நெனச்சேன்."

அதைச் சொல்லிவிட்டு அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

"நீங்க கை நீட்டிக்கிட்டு வந்தப்போ, ஈயம் ஈயம்னு என்னவோ சொன்னீங்க. அது என் காதுலயே விழல. மனசுக்குள்ள நெனச்சதை எப்படியோ கண்டுபிடிச்சுட்டீங்கன்னு நெனச்சேன். அதான் குனிஞ்சேன்."

அந்தக் குனிந்த தலையை வைத்துத்தானே அக்கா வசனம் பேசினாள், கைதட்டு வாங்கினாள்.

மாஸ்டர் இரும்புத் தூள் படிந்த தரையில் கால்விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் மாப்பிள்ளை," என்றார் கடைசியில். "என் கிளைடருக்கு நொட்டை சொல்ல நீ யாருடான்னு சண்டைக்கு வந்திருப்பேன். வேணும்னே அப்படியே எறிஞ்சிருப்பேன்." பிறகு, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார்: "விரல்ல ரொம்பத் தொங்குச்சா?"

"ரொம்ப. தூக்கினதும் தெரிஞ்சுது."

"மத்தபடி? இறக்கை?"

"இறக்கைக்கு என்ன மச்சான், கத்தி மாதிரி இருந்துச்சு."

மாஸ்டர் முகத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்தார். தங்கை அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அக்காவுக்கும் தம்பிக்கும் கொடுக்கவில்லை. அது நியாயம்தான் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிருங்க," என்றாள் வெல்டரிடம்.

"அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியலம்மா," என்றார் அவர்.

அவர் மனைவிக்குத் தெரிந்திருந்தது. "இங்க நாலு சுவத்துக்குள்ள சொல்லிட்டா ஆச்சா? கூட்டத்துக்கு வாங்க. நேத்து எவ்வளவு சத்தமா சொன்னீங்களோ, அவ்வளவு சத்தமா சொல்லுங்க. இவர் மனசுல நெனச்சது எங்க குடும்பத்தோட இருக்கட்டும். நீங்க செஞ்சது ஊருக்குத் தெரியணும்."

*

கிளப் என்பது ஒரு தகரக் கொட்டகை. கூரையிலிருந்து கயிற்றில் பழைய கிளைடர்கள் தொங்கின. அவற்றுக்குக் கீழே பெஞ்சுகளில் நேற்றுக் குன்றின்மேல் இருந்த அத்தனை முகமும். வெல்டர் மனைவியோடு கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் மறுபக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். அந்த இடத்தில் மாஸ்டர் போய் உட்கார்ந்தார். கொட்டகையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

செக்ரட்டரி மருந்துக்கடைக்காரர். எதையும் சுருக்கமாக முடிக்கிற ஆள். "விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பேரை நீக்கறதுக்கு முன்னாடி, கேஸைக் கண்டுபிடிச்ச அக்கா ஏதோ சொல்லணுங்கறாங்க. வாங்க அக்கா."

அக்கா எழுந்தாள். பக்கத்தில் தம்பியும் எழப் பார்த்தான். அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"வெல்டர் எதையும் எடுக்கல," என்றாள். "மூக்குல ஈயம் முழுசா இருக்கு. மாஸ்டரே பார்த்துட்டாரு."

"அப்ப கிளைடரை விழவச்சது யாரு? கண்டுபிடிச்சாச்சா?" என்றார் செக்ரட்டரி.

"கண்டுபிடிச்சாச்சு. நான்தான்."

முன் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார். அது தொற்றிக்கொண்டது. கொட்டகை முழுக்கச் சிரித்தது. "தம்பிகூட இருந்து இருந்து அக்காவும் ஜோக் அடிக்கக் கத்துக்கிட்டாங்கப்பா!" என்றார் செக்ரட்டரி. அதற்கும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்போடு சிரித்துவிட்டு, 'எங்கேயோ தப்பு நடந்திருக்கு, யார் மேலயும் குத்தமில்ல' என்று முடித்துவிடலாம். முடித்தால் யாரும் கேட்கப்போவதில்லை. வெல்டரின் பேரும் பிழைக்கும், அவள் பேரும் பிழைக்கும். முதல்தடவை சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதிக்கிற மாதிரி சொல்லிவிட்டாள். இரண்டாவது தடவை சொல்வதற்குத்தான் உடம்பெல்லாம் கூசியது.

கடைசிப் பெஞ்சில் மூன்று பேர் மட்டும் சிரிக்கவில்லை.

அக்கா புட்டிக்கட்டியைப் பையிலிருந்து எடுத்துச் செக்ரட்டரியின் மேஜைமேல் வைத்தாள்.

"ஜோக் இல்லைங்க," என்றாள். குரல் கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பியது. "இது அந்தக் கிளைடரோட வால்ல இருந்தது. வைக்கச் சொன்னது நான். மாஸ்டர் தொட்டுப் பார்க்க வந்தப்போ தடுத்தது நான். ஒண்ணும் பண்ணாத மனுஷனை உங்க எல்லார் முன்னாடியும் திருடனாக்கினதும் நான்தான்."

சிரிப்பு நின்றது. பின்னாலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முகமாக மாறிக்கொண்டே வந்தது. இந்த முகங்களைத்தான் நேற்று வெல்டர் பார்த்திருக்க வேண்டும், தனியாக நின்றுகொண்டு. அக்காவுக்குத் தலை தானாகக் கீழே போகப் பார்த்தது. குனியாமல் நின்று, முதல் கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று காத்திருந்தாள்.